மடங்கிய முனைகள்: அம்பத்தூர்ப் பிரதி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சின்ன வயதில் படித்த கிராமத்துக் கதையை வளர்ந்தபின் மறுபடி படிக்கிறவருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பேசியவர்களில் பெரும்பாலோர் ‘ஏக்கம்’ என்று ஒரே சொல்லில் ஆளை அனுப்பிவிட்டார்கள். புத்தகத்தைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எந்தப் பக்கத்தின் முனை மடங்கியிருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழாய்வின் இந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பிரதி கிடைத்த இடம், அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் ஓர் இரண்டாம் மாடி வீட்டுப் பரண். பொங்கல் பானைக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவே. உரிமையாளர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை சூப்பர்வைசர். வயது நாற்பத்தேழு. இவர் இனி ‘வாசகர்’ எனப்படுவார். முதல் வாசிப்பை ‘மு.வா.’ என்று சுருக்கலாம் என்று ஆய்வாளர் எண்ணியதுண்டு. மு.வ.வின் அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

காலக்கணிப்பு எளிதாகவே முடிந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் வரும் பக்கத்தில் பழுப்பேறிய பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. அதில் ‘பல்லவன்’ என்று அச்சு. அந்தப் பெயர் 1997இல் போய் மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஆகவே முதல் வாசிப்பு அதற்கு முந்தியது. (“ஆறாவது முழுப்பரீட்சை லீவுல படிச்சேன்” என்று வாசகரே சொன்னார். ஆனாலும் வாய்மொழிச் சான்றைவிட டிக்கெட் உறுதியானது.)

பிரதியில் இரண்டு அடுக்குகள் உண்டு. அடியில் சிறுவயது அடுக்கு: மடக்கிய முனைகள். மேலே நடுவயது அடுக்கு: பட்டறை பால்பாயிண்ட் பேனாவால் ஓரத்தில் இழுத்த கோடுகள். ஓரிடத்தில்கூட இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் விழவில்லை. ஆய்வின் முதல் அதிர்ச்சி இதுதான்.

முனைகள் ஆறு. இரண்டைச் சொன்னால் போதும். ஒன்று, உத்தமதானபுரம் பிறந்த கதை. தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து வெற்றிலை போட்டுவிட, அந்தப் பாவம் தீர அக்கிரகாரம் அமைத்துத் தானம் கொடுத்தாராம். வெற்றிலை போட்டதற்கு ஓர் ஊரே கிடைக்கும் என்பது பதினொரு வயசுக்குப் பிடிக்காமல் இருக்குமா? இன்னொன்று, மேற்படி திண்ணைப் பள்ளிக்கூடம்: மணலில் எழுத்து, பனையோலை, பிரம்பு. அடி வாங்குகிறவன் இன்னொருவன் என்றால் எந்தப் பையனும் ஆர்வமாகத்தான் படிப்பான்.

இனிப் பேனாக் கோடுகள். அத்தனையும் சாமிநாதையரின் அப்பாவின் மேல் விழுந்திருக்கின்றன.

வேங்கடசுப்பையர் சங்கீதம் தெரிந்தவர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஊர் ஊராகப் போய் இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தியவர். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம். அதற்காக அவர் அலைந்த அலைச்சலை வாசகர் முதல் தடவை கவனிக்கவே இல்லை. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார்: வாத்தியார் இருக்கும் இடத்துக்குக் குடும்பமே பெயர்கிறது. கடைசியில் 1871இல் மாயூரம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இந்தப் பயணத்தின் ஓரத்தில் வாசகர் எழுதி வைத்த குறிப்புகள் மூன்று: “வாடகை?”, “ஃபீஸ் உண்டா?”, “அம்மா என்ன சொன்னாங்க?” மூன்றாவது கேள்வியின் கீழ் இரட்டைக் கோடு.

வாசகரின் மகள் பத்தாம் வகுப்பு என்பதையும், கணக்கு டியூஷன் அம்பத்தூர் ஓ.டி.யில், சயின்ஸ் டியூஷன் திருமுல்லைவாயலில் என்பதையும் இங்கே பதிவு செய்வது முறை.

இதிலிருந்து கிடைக்கும் விதி: இளமைக் கதையின் முதல் வாசிப்பில் பிள்ளை இருப்பான், அப்பா இருக்கமாட்டார், மறுவாசிப்பில் அப்பா முளைத்து வருவார், பிள்ளை அவர் தோளில் ஏறிக்கொண்டு போகும் சுமையாகிவிடுவான். எழுத்து ஒன்றும் மாறவில்லை. இந்தப் புத்தகத்தில் அப்பா இவ்வளவு இடத்தை அடைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. அதை எழுதியவரே ஒரு மறுவாசகர். 1855இல் பிறந்தவர், 1940இல், எண்பத்தைந்தாவது வயதில், திருவல்லிக்கேணி ‘தியாகராஜ விலாச’த்தில் இருந்தபோது ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். சிறுவனைப் பார்த்தது கிழவரின் கண். யுத்த பயத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போய், 1942 ஏப்ரல் 28இல் அங்கேயே காலமானபோது சரித்திரம் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றது. நூலானது 1950இல். இன்று வாசகர் வேலைக்குப் போகும்போது கடக்கிற ரயில் பாதை, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதன்முதல் திறக்கப்பட்ட 1856 ஜூலை 1ஆம் தேதி, 1855இல் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பதினாறு மாதம்.

ஆனால் விதி என்று சொன்னதும் மறுப்பும் வரவேண்டும். அது பாமாவின் ‘கருக்கு’ வடிவில் வந்தது. 1992இல் வெளியான அந்த நூலில் ஒரு காட்சி: தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி, தொடாமல் கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொல்ல, அவர் சிரிக்காமல் காரணம் சொல்கிறார்: பறையர் தொட்டால் பண்டம் தீட்டாம். இங்கே மறுவாசிப்புக்கு முப்பது வருஷம் தேவைப்படவில்லை. தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு வரும் நேரம் போதுமாயிருந்தது. அக்கிரகாரத்திலிருந்து தெரியும் ஊரும் சேரியிலிருந்து தெரியும் ஊரும் வேறு. ஆகவே விதியைத் திருத்த வேண்டியிருக்கிறது: அப்பா முளைப்பதற்கு வயது வேண்டும், ஊர் முளைப்பதற்கு யாராவது ஒருவர் சிரிப்பை நிறுத்திக் காரணம் சொல்ல வேண்டும். இந்தப் பத்தியை வாசகர் படித்துவிட்டு, தம் சொந்த ஊரில் டீக்கடை கிளாஸ்கள் எங்கெங்கே வைக்கப்பட்டிருந்தன என்று வெகுநேரம் யோசித்தார். ஆய்வாளர் குறுக்கிடவில்லை.

‘ஊர்’ என்று வாசகர் சொல்வது செய்யாறு பக்கம். அம்பத்தூரில் முப்பத்தைந்து வருஷம் இருந்தும் இது ‘வீடு’தான். 1964இல் எஸ்டேட் வந்தபின் குடியேறியவர்களில் பலருக்கு இதே இலக்கணம். ஆனால் மேனாம்பேடு, பட்டரவாக்கம், கள்ளிக்குப்பம், திருமுல்லைவாயல் என்று பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே தெரியும், பிளாட்டுகளுக்கு அடியில் கிராமங்கள் படுத்திருக்கின்றன. பெரிய மழை வந்தால் ஏரி தன் பழைய எல்லையைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வருகிறது. அதுவும் ஒருவகை மறுவாசிப்புதான். மறதிக்கும் இங்கே பஞ்சமில்லை. பக்கத்து ஊரான ஆவடியின் பெயர் ராணுவத் தொழிற்சாலையின் ஆங்கில எழுத்துச் சுருக்கம் என்று கீழ்வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961இல். சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடியது 1955 ஜனவரியில். தொழிற்சாலை வருவதற்கு ஆறு வருஷம் முன்பே நேரு அதன் பெயரில் கூட்டம் போட்டிருக்கிறார் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வின் கடைசிக் கட்டத்தில் ஒரு புதிய சான்று கிடைத்தது. வெங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றிக்கொள்ளும்படி மகாவித்துவான் விரும்பிய இடம் வரும் பக்கத்தில், முனை மடங்கியிருந்தது. பழைய மடிப்பு அல்ல, தாள் உடையவில்லை. பத்தாம் வகுப்பு மகள் புத்தகத்தை இரண்டு நாள் எடுத்துப்போனது ஏற்கனவே தெரியும். பதினாறு வயதில் ஒருவனுக்குப் புதுப் பெயர் கிடைப்பது ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை ஏன் நிறுத்தியது? மூன்றாவது அடுக்கு, புதுத் தலைமுறை, பெயர் அரசியல் என்று ஆய்வாளர் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டார். வாசகரும் கண்கலங்கினார். மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“அதுவாப்பா? பல்லி விழுந்துச்சு. கத்திட்டு புக்க கீழ போட்டேன். அப்ப மடிஞ்சிருக்கும்.”

ஒன்றரைப் பக்கமும் கிழிக்கப்பட்டது. மீதி ஆறு முனைகளையும் ஆய்வாளர் இப்போது பூதக்கண்ணாடியோடு மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்.