ராணிக்கு இரண்டு புள்ளி

பொல்பிட்டியவில் பாய் விரிக்கவே இடம் போதாத வீட்டுக்குள் ஒரு சீட்டு மேசையைக் கொண்டுவந்து வைத்தவன் நான். பழைய துரை பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். என் கை தன்பாட்டில் உயர்ந்துவிட்டது. மேற்பலகை புத்தகம்போல் மடியும். பின்கால் ஒன்றை இழுத்துவிட்டு விரித்தால் நிற்கும், இழுக்காமல் விரித்தால் கவிழும். முதல் நாளே கவிழ்த்துப் பார்த்தேன். நாலு மூலையிலும் மெழுகுவர்த்தி வைக்க வட்டம் குடைந்திருந்தது. 1969 முதல் பவர்ஹவுஸ் ஓடுகிற ஊரில், விலைக்கு நான் வீட்டில் சொன்ன நியாயம் அந்த வட்டங்கள்தான்.

நடுவிலிருந்த பச்சைத் துணியைப் பூச்சி தின்றிருந்தது. மகள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்கா இங்கிலாந்துக்குக் கீழ் இருந்த காலத்தில் மெர்சி ஓடிஸ் வாரன் என்ற அம்மாள் தன் சீட்டு மேசைக்குப் பூத்தையல் போட்ட விரிப்பு. பூக்களோடு சீட்டுகளும் மீன் வடிவக் காய்களும், ஆடியவர்கள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் கிடக்கின்றன. பிளிமத்தில் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே அம்மாள் 1805இல் அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றை மூன்று பாகமாக வெளியிட்டார்.

"தையலும் போட்டு சரித்திரமும் எழுதியிருக்காங்க. நீங்க கடைக் கொப்பியத் தவிர என்னத்த எழுதினீங்க?" என்றாள் மனைவி. அன்றிரவே ஊசி எடுத்தாள்.

முன்னூற்றிநாலு சீட்டாட்டத்தில் ராணிக்கு எத்தனை புள்ளி என்று கேட்டாள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் பொய் கலந்து சொல்லியிருக்கலாம். அதன்பிறகு ராணி மூன்று சீட்டு அகலத்துக்கு வளர்ந்தாள். ராஜா மூலை வட்டத்துக்குள் பாதி முகத்தோடு ஒதுங்கினார்.

நாலு மாதம் கழித்து முதல் ஆட்டம். பின்காலை முழுதாக இழுக்க மறந்தேன். பிளேன்டீ நேரே ராணியின் தலையில்.

1773 டிசம்பர் 16இல் பொஸ்டனில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். மெர்சி அம்மாள் அதைக் கவிதையாகவே எழுதினார். கொட்டியது சீனத் தேயிலை. நம் மலையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டதே 1867இல்தான். நம் தேயிலை கொட்டாத அந்தக் குறையை நான் ஒரு கோப்பையில் தீர்த்துவைத்தேன்.

நட்டஈடு கட்டும்வரை என்று இங்கிலாந்து பொஸ்டன் துறைமுகத்தை மூடியது. எங்கள் குசினி மூடி இன்றைக்கு மூன்றாம் நாள். கறைபட்ட ராணியைப் பிரித்து நானே திரும்பத் தைக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு ரொட்டியையும் சம்பலையும் தின்றுவிட்டு மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஊசிக்குள் நூல் இன்னும் போகவில்லை.