எத்தனை வட்டம், சொல்லு

காட்டுப்பள்ளியில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் முக்கோணம் என்றால் பாய். விடியுமுன் கடலுக்குள் போன கட்டுமரங்கள், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பியதும் பாயை விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கரை நோக்கி வரும். மணலில் கால் புதைய நின்றுகொண்டு, இது இன்னார் வீட்டுப் பாய், அது ஒட்டுப்போட்ட பாய் என்று அடையாளம் சொல்லியபடியே, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நாங்கள் எண்ணுவோம். பக்கத்தில் கூடையோடு நிற்கிற பெண்களும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். போனது எத்தனை என்று அவர்களுக்குத் தெரியும். எண்ணி முடிகிற கடைசி எண் அதுவாகவே இருந்துவிட்டால் பேச்சும் சிரிப்பும் திரும்பும். ஒன்று குறைந்தால், அது வந்து சேரும்வரை யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

எண்ணுவது எதற்கு என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் எனக்குச் சொன்னதில்லை. ரோசெல் கெல்மன், காலிஸ்டல் என்று இரண்டு உளவியலாளர்கள், பச்சைப் பிள்ளைகள் எப்படி எண்ணுகிறார்கள் என்று ஆராய்ந்து 1978இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். எண்களை வரிசை மாறாமல் சொல்லவேண்டும், ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்லவேண்டும், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிந்திருக்கவேண்டும். இவை கூடினால்தான் அது எண்ணுதல். முதல் இரண்டும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும். மூன்றாவதுதான் தாமதம். ஐந்து கோலிகளை அழகாக எண்ணி முடித்த குழந்தையிடம் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். பாய்களை எண்ணி வளர்ந்த எங்களுக்குக் கடைசி எண்ணின் கனம் யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருந்திருக்கலாம். மாட்டுவண்டிச் சக்கரமோ, முறத்தில் காய்ந்த அப்பளமோ, களத்தில் குவித்த நெல் அம்பாரமோ உங்களுக்கு வட்டத்தைச் சொல்லியிருக்கும். எங்களுக்கு அதைச் சொன்னது நுங்கு. சீவிய பனங்காயின் வட்டத்துக்குள் மூன்று கண்கள். எப்போதாவது இரண்டு கண் வந்துவிட்டால் ஏமாற்றமும் சண்டையும். தின்று முடித்த கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் செருகினால் நுங்கு வண்டி. வட்டம் உருளும் என்பதும் உருளாதது வட்டமில்லை என்பதும் மணலில் ஓடி ஓடித் தெரிந்துகொண்ட பாடம். நீள்சதுரத்துக்கு அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளப் பாத்திகள் இருந்தன, வரிசை வரிசையாக, வானத்தைத் தாங்கிக்கொண்டு. சதுரத்துக்கு வலைக்கண்.

அந்த வலைக்கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். சின்னப் பிள்ளைகள் பலருக்கு ஒரு சதுரத்தைக் கொஞ்சம் சாய்த்து, முனை கீழே இருக்கும்படி காட்டினால், அது சதுரம் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. டைமண்ட் என்று வேறு பெயர் சொல்லும். முக்கோணத்தைத் தலைகீழாக வைத்தாலும் அதே தயக்கம். வடிவத்தை எண்ணச் சொல்கிறபோது இந்த இடத்தில்தான் கணக்கு தவறும்: ஐந்து சதுரம் இருக்கிற படத்தில் நேராக நிற்கிற நான்கை மட்டும் எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அப்பாவோடு உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்த பிள்ளைக்கு இந்தத் தயக்கம் கிடையாது. தொங்கவிட்டால் கண் முனையில் நிற்கும், இழுத்தால் ஒடுங்கும், இரண்டு பக்கமும் சரியாகப் பிடித்தால் சதுரமாக விரியும். கண் அதே கண்தான், நூலின் நான்கு பக்கமும் மாறவில்லை. கையில் பிடித்து இழுத்துப் பார்த்த பிறகு, சாய்ந்திருக்கிறதே என்ற காரணத்துக்காக ஒன்றை எண்ணாமல் விட யாருக்குத் தோன்றும்?

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது எனக்கு நான்கு வயது. அதற்கப்புறம் எங்கள் பக்கத்திலும், அம்மன் கோயிலையொட்டிய ஓலைக் கொட்டகை ஒன்றில் பால்வாடி நடந்தது. சோறு வேகிற வாசனையில்தான் போனோம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் டீச்சரம்மா அடுப்புக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த மணலை விடவில்லை. குச்சியால் பெரிய வட்டம் ஒன்று கீறி, ஓடிப்போய்ச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வரச் சொல்வார். வட்டமான சிப்பி உள்ளே, நீண்ட சிப்பி வெளியே. பிரித்து முடித்த பிறகுதான் எண்ணவேண்டும். இப்போது நினைத்துப் பார்க்கையில் அந்த வரிசை எத்தனை சரியானது என்று வியப்பாக இருக்கிறது: முதலில் இனம் பிரி, அப்புறம் எண்ணு. கலைந்து கிடக்கிற வடிவங்களில் வட்டத்தை மட்டும் எண்ணு என்று சொல்வதில் இரண்டு வேலை இருக்கிறது, ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மணலில் எழுதிப் படிப்பது எங்கள் மண்ணுக்கு ரொம்பப் பழைய பழக்கம். 1789இல் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியில் அதைச் செய்துபார்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். ‘மெட்ராஸ் முறை’யின் ஒரு பகுதியாக அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. விரலே பலப்பமாக இருந்த காலம் அது. எழுதியது பிடிக்கவில்லையென்றால் உள்ளங்கையால் தடவினால் போதும். மணல் யாரையும் தப்பென்று சொல்லாது.

வீட்டில் இன்னொரு பள்ளிக்கூடம் வாசலில் நடந்தது. மார்கழியில் அக்கா கோலம் போடுவாள், நான் மாவுக் கிண்ணத்தோடு பக்கத்தில் குந்தியிருப்பேன். “ஏழு புள்ளி, நாலுல நிறுத்தணும், இடுக்குப் புள்ளி” என்பாள். நடுவில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37 புள்ளி. ஓரத்துப் புள்ளிகளை இணைத்தால் ஆறு பக்கமுள்ள வடிவம் தானாக வந்து நிற்கும், ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு புள்ளியோடு. அறுகோணம் என்ற வார்த்தை எனக்கு ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான் தெரியும். வடிவம் அதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு புள்ளி தவறினால் கோலம் மூடாது. அங்கேயும் எண்ணுவதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்தப் பாய்கள் போய்விட்டன. முதலில் மோட்டார் வந்தது, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன, கட்டுமரத்தைப் பார்ப்பதே அரிதானது. ஒருபுறம் கடலும் மறுபுறம் கொசஸ்தலை ஆற்றின் கழியும் பக்கிங்காம் கால்வாயுமாக ஒதுங்கிக் கிடந்த எங்கள் நிலத்துக்கு 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், குழாய் வழியாகச் சென்னைக்கு. 2013இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இப்போது மீஞ்சூரிலிருந்து வருகிற சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கன்டெய்னர். அக்காவின் பேத்திக்கு நான்கு வயது. பேருந்து நகராத நேரத்தில் அவள் அவற்றை நிறம் நிறமாகப் பிரித்து எண்ணுகிறாள். இருபதடிப் பெட்டி இரண்டு நிற்கிற வண்டியையும் நாற்பதடிப் பெட்டி ஒன்று நிற்கிற வண்டியையும் பார்த்துவிட்டு, “ரெண்டு குட்டி சேந்தா ஒரு பெருசு, தாத்தா” என்று அவளாகச் சொன்ன நாளில், நான் இழந்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்படியே போய்விடவில்லை என்று பட்டது. எண்ணூர்ப் பக்கத்துப் பெரிய எண்ணெய்த் தொட்டிகளும் அவளுக்குப் புதிர்தான். கீழே நின்று பார்த்தால் செவ்வகம், படத்தில் மேலிருந்து பார்த்தால் வட்டம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் பை திறக்கும், ஒர்க்‌ஷீட் வெளியே வரும். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே முக்கோணக் கூரை போட்ட ஒரு வீடு, சதுர ஜன்னல். எத்தனை முக்கோணம், எத்தனை வட்டம், கட்டத்தில் எழுது. அந்தத் தாளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பும் கொஞ்சம் வருத்தமும் சேர்ந்தே வரும். எங்கள் காட்டுப்பள்ளியில் ஏது மலை? எங்கள் சூரியன் தண்ணீரிலிருந்து எழும்புகிறது. பிள்ளை முக்கோணத்தை எண்ணி மூன்று என்று எழுதிவிடும், சரியும் போட்டுவிடுவார்கள்; அந்த மூன்று இரண்டாகவோ நாலாகவோ இருந்திருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அந்தத் தாளில் இல்லை. கைப்பேசியில் வருகிற விளையாட்டு இன்னும் வேகம்: வட்டத்தைத் தொட்டால் அதுவே “ஒன்” என்கிறது, அடுத்ததைத் தொட்டால் “டூ”. எண்ணுகிற வேலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது, தொடுகிற வேலை பிள்ளைக்கு மிஞ்சுகிறது.

இதைச் சொல்வதால் இன்றைய அங்கன்வாடியை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். எங்கள் கொட்டகையில் மழை வந்தால் ஒழுகும், பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். சத்துணவில் முட்டை வந்ததே 1989இல்தான். அப்போது அது வட்டமா இல்லையா என்று நாங்கள் வாதாடிய நேரத்தில் ஆறியே போய்விடும். இன்று அங்கன்வாடிப் பிள்ளைக்கு வாரத்தில் மூன்று முட்டை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள் இருக்கின்றன. அவற்றில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கின. தொடக்கப் பள்ளிகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022 ஜூன் மாதம் முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். சின்ன வகுப்பிலேயே பொருளைக் கையில் கொடுத்துக் கணக்குச் சொல்லித்தரவேண்டும் என்று அரசே சொல்கிற காலம் இது. அந்தச் சிந்தனையும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்து, போர் காரணமாகச் சில ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வட்டம், முக்கோணம், சதுரம் எல்லாம் மரத்தில் செதுக்கி, குமிழைப் பிடித்து எடுத்து, விளிம்பை விரலால் தடவி, அதற்குரிய குழியில் வைக்கிற அவருடைய பெட்டிகள் இன்றும் நல்ல மழலையர் பள்ளிகளில் இருக்கின்றன. அவர் இங்கு வருவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே ஜெர்மனியில் ஃப்ரோபெல் பிள்ளைகள் கையில் கொடுத்தது பந்தும் கனசதுரமும் உருளையும். விரல் வழியாகத்தான் வடிவம் உள்ளே போகும் என்பதில் அவர்களுக்கும் எங்கள் டீச்சரம்மாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்காது.

சென்ற மாதம் பேத்தியை அங்கன்வாடியிலிருந்து கூட்டிவரப் போனபோது அதை நேரில் பார்த்தேன். சுவரில் வடிவங்கள் வர்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன, யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து வட்டமான பொருள் கொண்டு வாருங்கள் என்று டீச்சர் முதல் நாள் சொல்லி அனுப்பியிருந்தார் போலிருக்கிறது. பாயில் குவிந்திருந்தவை: சோடா மூடிகள், ஒரு பழைய வலை மிதவை, பொத்தான்கள், இரண்டு ரூபாய் நாணயம், பழவேற்காட்டுப் பனையோலைப் பெட்டியின் மூடி, வடக்கேயிருந்து துறைமுக வேலைக்கு வந்த குடும்பத்துக் குழந்தை கொண்டுவந்த சின்ன ரொட்டிப் பலகை, ஒரு கண்ணாடி வளையல். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் பலகையை வட்டக் கூட்டத்தில் வைத்தபோது யாரும் அவனிடம் மொழியைக் கேட்கவில்லை.

டீச்சர் எண்ணச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்கள். வளையலுக்கு வந்ததும் பேத்தி நிறுத்திவிட்டாள்.

“டீச்சர், இதுல உள்ள ஒரு வட்டம் இருக்குது, வெளிய ஒரு வட்டம் இருக்குது. ஒண்ணா, ரெண்டா?”

“ஒரு வளையல்தானே? ஒண்ணுதான்” என்றான் பக்கத்துப் பையன்.

“வளையலையா எண்ணச் சொன்னாங்க? வட்டத்தையில்ல?”

டீச்சர் விடை சொல்லவில்லை. வளையலை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, உள்ளே ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் பென்சிலால் சுற்றி வரைந்து, வளையலை எடுத்துவிட்டு, தாளை நடுவில் வைத்தார். ஐந்தாறு தலைகள் அதன் மேல் குனிந்தன. அப்படியானால் மிதவைக்கும் நடுவில் ஓட்டை இருக்கிறதே, பொத்தானுக்கு நாலு ஓட்டை இருக்கிறதே என்று அடுத்தடுத்துக் குரல்கள் எழுந்தன. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எண்ண உட்கார்ந்தார்கள்.