ஊருக்கும் பாவு ஓட வேண்டும்

கேள்வி: ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் பட்டு நெய்கிறேன். கிராம சபைக்குப் போனால் அன்றைக்குத் தறி நிற்கும். போகத்தான் வேண்டுமா?
— ஒரு நெசவாளர்

பதில்: அவசியம் போங்கள், ஐயா! பாவு சரியில்லாமல் சேலை சரியாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஊராட்சியின் ஓராண்டு வேலைக்குப் பாவு ஓடுகிற இடம் கிராம சபைதான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறே நாள். குடிநீர், தெருவிளக்கு, சாலை, வரவு செலவு எல்லாம் அங்கே பேசப்படும். தலைவர் பதவிக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும்வரை நீங்கள் கிராம சபை உறுப்பினர்! 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர் கூட வேண்டும். அந்த நூறாவது ஆள் நீங்களாக இருக்கலாம்.

ஊர்க் கணக்கைக் கேட்பது நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற ஊர்க் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக் குலுக்கலில் போட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயருக்கும் இடமில்லை!

ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடிக்கிற கண் உங்களுடையது. ஊராட்சிக் கணக்கு நோட்டின் மேலும் அந்தக் கண் படட்டும். வீட்டுக்காரம்மாவையும் அழைத்துப் போங்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.