மைனஸ் 18 அப்பா

ஜீயபுரத்தில் மார்கழிக் குளிர் என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. அதற்குப் போய் குரங்குக் குல்லா, மப்ளர், காதில் பஞ்சு சகிதம் கரூர் ரோட்டு டீக்கடையில் ஒருவர் நின்றால் அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். அவர் நடுங்குவது பஃபலோவுக்காக.

"என்னங்கய்யா, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"இன்னிக்கு மைனஸ் 18ப்பா. காத்து வேற."

"அப்ப ஸ்ட்ராங்கா போட்டுடறேன்" என்பார் டீக்கடைக்காரர்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரானவர். மகனுக்கு நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவில் வேலை. இவருக்கு அந்த ஊர் வானிலையைக் கவனிக்கும் வேலை. பென்ஷன் போக இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. காலை ஐந்தரைக்குப் போன் போகும். அங்கே முதல் நாள் மாலை ஏழு மணி.

"தம்பி, கார்ல பெட்ரோல் அரை டேங்குக்குக் கீழ இறங்கவே கூடாது. கம்பளி, டார்ச், கொறிக்க ஏதாச்சும், ஒரு மூட்டை மணல் எல்லாம் வண்டியிலேயே கிடக்கட்டும். பனியில மாட்டிக்கிட்டா இறங்கி நடக்காத. இன்ஜினைப் போடறதுக்கு முன்னாடி சைலன்சர் வாயைப் பனி அடைச்சிருக்கான்னு பாரு. அந்தப் புகை உள்ள வந்தா வாசனையே தெரியாம ஆளைத் தூக்கிடும்."

"சரிப்பா."

"சமையக்கட்டுக் குழாயைச் சொட்டுச் சொட்டா விட்டு வை, பைப் வெடிக்காது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள ஓட்டிடாத."

"எங்ககிட்ட ஜெனரேட்டரே இல்லப்பா."

"வாங்கினா ஓட்டாத."

மேல்காற்று ஈரி ஏரியைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து பஃபலோ தலையில் பனியாகக் கொட்டும் சூட்சுமத்தைத் திண்ணையில் உட்கார்ந்து விளக்குவார். 2022 கிறிஸ்துமஸ் சமயத்துப் பனிப்புயலில் காருக்குள்ளேயே சிக்கி இறந்தவர்களைப் பற்றிப் பேசினால் குரல் கம்மும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கரண்ட் போய் லட்சக்கணக்கான வீடுகள் விறைத்த கதையும் அத்துப்படி. பனியைக் கண்ணால் பார்த்தது ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் மட்டும்.

அவருடைய வாகனம் டிவிஎஸ் 50. அது என்றைக்கும் ரிசர்விலேயே ஓடும். நின்றுபோனால் ஒரு பக்கமாகச் சாய்த்துக் குலுக்கி, மிச்சச் சொட்டில் பெட்ரோல் பங்க் வரை போவார். ஐப்பசி மழைக்குக் கூடத்தில் ஒழுகும். கீழே குண்டான் வைத்திருக்கிறார். "அந்த ஊருக்குக் குழாய் திறந்தது போதும், முதல்ல நம்ம ஓட்டை அடைங்க" என்பது வீட்டம்மாவின் வருடாந்தர மனு. "தை பொறக்கட்டும்" என்பது பதில். எந்தத் தை என்று சொல்ல மாட்டார்.

மேட்டூர் 120 அடி நிரம்பி, முக்கொம்பில் தண்ணீர் சீறும் நாட்களில், கரையோர மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பார்கள். அதைக் கேட்டதும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்புவார், வெள்ளம் பார்க்க. போகிற வழியில் மகனுக்கு ஒரு போன்: "அங்க பத்திரமா இரு!"

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் இப்படி ஒருவர் தெருவுக்குத் தெரு உண்டு. பனி தேசத்துப் பிள்ளைகளே, அவர் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பில்லை. டேங்கை நிரப்பிவிட்டு அப்புறம் சிரியுங்கள். அடுத்த போனில் முந்திக்கொண்டு, ஓடு மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். மேட்டூர் திறந்தால் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது என்று நீங்களும் ஒரு அதட்டுப் போடுங்கள்.