கருடன் குடியிருந்த தேங்காய் மரம்

மாலத்தீவில் ஒருவன் திடீர்ப் பணக்காரன் ஆகிவிட்டால், "கரையில் தேங்காய் பொறுக்கியிருப்பான்" என்று ஊரில் பேசிக்கொள்வார்களாம். 1602இல் கப்பல் உடைந்து அங்கே கரை ஒதுங்கிய பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்திருக்கிறார். நம் ஊரில் "புதையல் கிடைச்சிருக்கும்" என்பார்களே, அந்த மாதிரி.

பொறுக்கியது சட்னிக்கு ஆகிற காய் இல்லை. இரண்டு தேங்காயை ஒட்டிவைத்தது போல, அப்பட்டமாக ஒரு பெண்ணின் இடுப்பு வடிவில் இருக்கும் கடல் தேங்காய். பெரியவர்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். கண்டெடுத்தவன் அதை அரண்மனையில் ஒப்படைத்தாக வேண்டும். ஒளித்துவைத்தால் தொலைந்தான்.

மரம் எங்கே? ஒருவருக்கும் தெரியவில்லை. சரி, கடலுக்கு அடியில் வளர்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்போன் தீவில் உட்கார்ந்து செடிகொடிகளைப் பற்றி எழுதிய ரம்ஃபியஸின் காதுக்கு வந்த கதை இன்னும் ஜோர். கடலின் நட்டநடுவில் ஒரு மரம், அதன்மேல் கருடன். பசித்தால் பறந்துபோய் யானை, புலி என்று தூக்கிக்கொண்டு வந்து மரத்திலேயே வைத்துச் சாப்பிடுமாம். பெருமாளைச் சுமந்த பறவைக்கு ரிட்டயர்மெண்ட்டுக்குப் பிறகு இப்படி ஒரு சாப்பாடு.

போதாததற்கு, இந்த ஓட்டில் ஊற்றிக் குடித்தால் விஷம் முறியும் என்று வைத்தியர்கள் கிளப்பிவிட்டார்கள். ஐரோப்பாவில் சொந்தக்காரர்களோடு சாப்பிட உட்காரவே பயந்த ராஜாக்கள் நிறைய. ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தி இரண்டாம் ருடால்ஃப் ஒரு காய்க்கு 4,000 பொற்காசு கொடுத்தார் என்பார்கள். வெள்ளிப் பூண் போட்டு அவருக்காகச் செய்த கூஜா இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் ஒரு சங்கதி. இந்த மரத்தின் நல்ல காய் தண்ணீரில் விழுந்தால் அம்மிக்கல் மாதிரி முழுகிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் அழுகிப்போய், ஓடு மட்டும் மிஞ்சினால்தான் மிதக்கும். அதனால்தான் எந்தக் கரையில் ஒதுங்கியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆக, சக்கரவர்த்தி 4,000 பொன் கொட்டி வாங்கியது சொத்தைத் தேங்காய். நம் வீட்டு மாமி யாரையாவது கடைக்கு அனுப்பியிருந்தால் காதருகே வைத்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "வேற எடுப்பா" என்றிருப்பார்.

மரத்தின் முகவரி 1768இல் கிடைத்தது. செஷல்ஸ் தீவுகளில் ஒன்றான பிராலினுக்குள் பார்ரே என்ற பிரெஞ்சுக்காரர் நுழைந்து பார்த்தால், ஒரு காடு முழுக்க அதே மரம். தீவில் அப்போது மனித வாசனையே கிடையாது. கேட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லை. கருடனையும் காணோம்.

அடுத்த வருஷமே துஷ்மேன் என்ற கப்பல்காரர் வந்து காய்களை மூட்டை மூட்டையாக ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுபோனார். கோடீஸ்வரக் கனவு. அத்தனையும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை ஒட்டன்சத்திரம் தக்காளி விவசாயியிடம் கேட்டிருக்கலாம். விலை படுத்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு அறிவியல் வைத்த பெயர் லோடோயிசியா மால்டிவிகா. அதாவது மாலத்தீவுக்காரி. அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது.

1881இல் வந்த ஜெனரல் கார்டன் (பின்னால் கார்ட்டூமில் உயிர்விட்டவர்) பிராலினின் வலே து மே பள்ளத்தாக்கைப் பார்த்ததும், இதுதான் பைபிளில் வரும் ஏதேன் தோட்டம், இந்தக் காய்தான் விலக்கப்பட்ட கனி என்று அறிவித்துவிட்டார். விதை மட்டுமே 20 கிலோவைத் தொடும். அதற்கு மேல் மட்டை வேறு. ஏவாள் அதைக் கடிக்க ஆசைப்பட்டிருந்தால் ஆதாம் முதலில் அரிவாள் தேடிப் போயிருக்க வேண்டும். அவன் மட்டை உரித்து முடிப்பதற்குள் ஆண்டவரே வந்திருப்பார்.

சொந்த மரத்தின் கதை இது. வந்தேறி மரத்தின் கதை இதைவிடக் கூத்து.

மொரீஷியஸில் பிரெஞ்சு நிர்வாகியாக இருந்தவர் பியேர் புவாவ்ர். புவாவ்ர் என்றால் பிரெஞ்சில் மிளகு. பெயர்ப் பொருத்தம் பாருங்கள், மிளகுதுரை வாழ்நாள் முழுக்க டச்சுக்காரர்களிடமிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைக் கடத்துவதையே லட்சியமாக வைத்திருந்தார். இடையில் ஒரு கடற்சண்டையில் வலது கை போயிற்று, லட்சியம் போகவில்லை. அவர் திட்டப்படி 1772இல் செஷல்ஸின் மாஹே தீவில் அரச தோட்டம் போட்டார்கள். ஜாதிக்காய், கிராம்பு, மிளகு, இலங்கைக் கறுவா. பரம ரகசியம்.

1780இல் தொடுவானத்தில் ஒரு கப்பல். பறப்பது ஆங்கிலேயக் கொடி. எதிரி கைக்குப் போகக் கூடாது என்று தோட்டத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். கரைக்கு வந்தது பிரெஞ்சுக் கப்பல். தீவை ஆங்கிலேயர் பிடித்திருப்பார்களோ என்ற பயத்தில் கப்பலில் இருந்தவர்கள் கொடியை மாற்றிக் கட்டியிருந்தார்கள் என்று சொல்வார்கள்.

எல்லாம் சாம்பல், கறுவாவைத் தவிர. பறவைகள் பழத்தைத் தின்று விதையை மலை மலையாகப் போட்டுக்கொண்டே போயின. இன்று மாஹே மலைக்காடுகளில் எங்கே திரும்பினாலும் கறுவாதான். உள்ளூர் மரங்கள் தலை தூக்க இடம் விடுவதில்லை என்று வனக்காரர்கள் அதை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை கப்பல் எதுவும் வரவில்லை.