மணிக்கட்டு வித்தை

1877-இல் கோலகங்சாரில் ஊன்றிய ஒன்பது ரப்பர்க் கன்றுகளோடு தொடங்கித் தழைத்த காடுகளில் பெரும்பகுதி செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் வழிவிட்டு ஒதுங்கிவிட்ட பேராக் மாநிலத்திலே, தோட்டத்து லயத்தில் பிறந்து ஈப்போவில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்த அடியேனுக்கு, அறுபதாம் பிராயத்தில் கோல்ஃப் என்னும் கனவான்களின் கிரீடையைப் பயிலும் சபலம் உண்டாயிற்று.

மட்டையைப் பின்னே உயர்த்துகையில் மணிக்கட்டு தானே மடங்க வேண்டுமென்றும், இறக்குகையில் அம்மடிப்பைக் கடைசிக் கணம்வரை காத்துப் பந்தருகே மாத்திரம் அவிழ்க்க வேண்டுமென்றும், அவசரக்காரன் பந்தை விட்டுப் பூமாதேவியை வெட்டுவானென்றும் உபதேசித்த உபாத்தியாயர், கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957-இல் மட்டை வீச்சைப் படங்களோடு விளக்கிய நூலையும் காட்டினார். நான் வெட்டினேன், பந்தை அல்ல.

என் அம்மா விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் நிரைக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களில், மணிக்கட்டு இம்மியும் பிசகாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மாத்திரம் உளியால் சீவி வருவாள். சற்று ஆழ்ந்து மரம் காயப்பட்டால் கங்காணியின் ஏச்சு. தரையைக் காயப்படுத்தும் எனக்கோ மணிக்கணக்கில் கட்டணம்.

“இந்த மணிக்கட்டெல்லாம் பரம்பரையாக வரவேண்டும், ஐயா” என்றார் உபாத்தியாயர், மிகுந்த அனுதாபத்தோடு.