தராசு வைராக்கியம்: ஓர் ஆராய்ச்சி

பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என வைராக்கியத்தை மூன்றாக வகுத்த நம் முன்னோர், எடை பார்க்கும் இயந்திரம் தோன்றாத காலத்தில் வாழ்ந்தமையால், நான்காவதாகிய, உடல் இளைக்கத் துணியும் தராசு வைராக்கியத்தைக் கூறாது விட்டனர். அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். முதல் மூன்றும் ஓரிரு நாளில் தாமே நசித்துப்போவன. நான்காவதோ மாதக்கணக்கில், சில சரீரங்களில் வருஷக்கணக்கில், உயிரோடு வைத்துக் காக்க வேண்டியதாதலின் தனி விசாரணைக்கு உரியது.

இதன் உற்பத்தி ஸ்தானம் பெரும்பாலும் தையற்காரர் கடை. சிறுபான்மை வைத்தியர் மேஜை. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறையக் கண்டு சாதகர் ஆனந்தபாஷ்பம் சொரிவதுண்டு. அவர் இழந்தது பெரும்பாலும் கொழுப்பன்று, ஜலம். ஈரலிலும் தசைகளிலும் சேமித்த கிளைக்கோஜன், கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், உணவு குறைந்ததும் முதலில் அது செலவாக, நீரும் உடன் விடைபெறுகிறது. கொழுப்போ கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி கொண்ட பிடிவாதக்காரன். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்துண்டாலும் ஒரு கிலோ கரைய 15 நாள் பிடிக்கும். ஆகவே மூன்றாம் வாரத்தில் முள் அசையாது நிற்பதும், வைராக்கியம் அசைந்து போண்டாக் கடைப் பக்கம் போவதும் சாஸ்திர சம்மதமே.

பிறர் புகழ்ச்சியால் இவ்வைராக்கியத்தைப் போஷிக்கலாமே என்பது பூர்வபட்சம். நம் நாட்டில் இது செல்லாது. ஆறு மாதம் இட்லியை எண்ணி உண்டு இளைத்தவரை வீதியில் காணும் உறவினர், "என்ன மாமா, பாதியாப் போயிட்டீங்க? சுகர் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று துக்கம் விசாரிப்பாரேயன்றி வாழ்த்தார். சாதகரின் தாயாரோ, மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலையில் இன்னொரு கரண்டி நெய்யை வார்த்து உடனடிப் பரிகாரம் செய்துவிடுவார்.

தராசின்முன் தளராதவர் என யாம் கண்டவர் ஒருவரே. இத்தாலியின் பாதுவா சர்வகலாசாலையில் வைத்தியம் போதித்த சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தம்மையும் தாம் உண்டதையும் கழித்ததையும் ஏறக்குறைய முப்பது வருஷம் நிறுத்தார் என்பர். 1614இல் அதன் முடிபுகளை நூலாகவும் வெளியிட்டார். உண்டதற்கும் கழித்ததற்கும் கணக்கு இடித்தபோது அவர் கலங்கவில்லை; எஞ்சியது கண்ணுக்குப் புலப்படாமல் தேகத்தினின்று வெளியேறுகிறது என்று தீர்மானித்து மகிழ்ந்தார். இளைக்கும் இச்சை இல்லாதவருக்கு முள் எங்கு நின்றாலும் லாபமே.

ஆதலின் சாதகரும், நேற்றிரவு உண்ட ஊறுகாயின் உப்பு இன்று அரைக் கிலோ நீராய்த் தேங்கி நிற்பதைக் கண்டு அழாமல், அதிசயித்துக் குறித்துக்கொள்வாராக என்பதே எமது சித்தாந்தம். இவ்வாறு பலனை இச்சியாதவர் இளைக்கவே மறந்துவிடமாட்டாரோ எனின், அந்த ஆட்சேபம் நியாயமானதே. சாந்தோரியோ இறுதியில் இளைத்தாரா என்பதோ அவருடைய ஆராய்ச்சிக்குப் புறம்பான விஷயம்.